நடு வீட்டு வருமானம் எவ்வளவு?

(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: "பத்து வருஷமா குழுவுல இருக்கோம், கடன் வாங்குறோம், கட்டுறோம். நம்ம ஊர் வீடுகள்ல வருமானம் கூடியிருக்கா, இல்லையா?" எங்களிடம் சேமிப்புக் கணக்கு இருந்தது, கடன் கணக்கு இருந்தது. இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. அதனால் இன்றைக்கு இதைப் பற்றியே பேச வந்திருக்கிறோம்.

ஒரு தெருவில் ஒன்பது வீடு என்று வைத்துக்கொள்வோம். எட்டு வீட்டில் கூலி வேலை, மாதம் 8,000 முதல் 12,000 வரை வருமானம். ஒன்பதாவது வீட்டுக்காரருக்கு மலைமேல் ஏலத்தோட்டம், மாதம் இரண்டு லட்சம். எல்லாவற்றையும் கூட்டி ஒன்பதால் வகுத்தால் வீட்டுக்கு 30,000-க்கு மேல் வரும். இது சராசரி. ஆனால் அந்தத் தெருவில் 30,000 சம்பாதிக்கிற கூலி வீடு ஒன்றாவது உண்டா? அதே வீடுகளைக் குறைந்த வருமானத்திலிருந்து வரிசையாக நிறுத்தி, ஐந்தாவது வீட்டைக் கேளுங்கள். 10,000 பக்கம் சொல்வாங்க. அதுதான் நடு வீடு. பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் 'இடைநிலை அளவு' என்று இருக்கும். தோட்டக்காரருக்கு நாலு லட்சம் வந்தாலும் நடு வீடு அசையாது.

நம்ம போடிப் பக்கத்துக்கு இது ரொம்ப முக்கியம். 2018-ல் இடுக்கியில் வெள்ளம், அடுத்த வருஷம் மழை இல்லை. காய் குறைந்தது. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு லாட் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. 2022-ல் கிலோ 1,000-க்கும் கீழே இறங்கியது. சராசரியை மட்டும் பார்த்தால் ஊரே பணக்கார ஊராகி, மறுபடி ஏழை ஊரான மாதிரி தெரியும். ஆனால் விடியறதுக்கு முன்னாடி ஜீப்பில் போடிமெட்டு ஏறிக் காயெடுக்கப் போகிறவங்களுக்குக் கிலோ விலையா கிடைக்குது? நாள் கூலிதானே. காய் குறைந்தால் வேலை நாளும் குறையும். விலை ஏறின வருஷம் நம்ம வீட்டு வருமானம் இறங்கவும் செய்யலாம். இதை யோசிக்காமல் நாங்களும் அந்த வருஷம் கடன் தவணையை உயர்த்திவிட்டோம். மூணு மாசத்தில் பாதிப் பேரால் கட்ட முடியவில்லை. தப்பு எங்கள் மேல்தான்.

சர்க்காரிடம் கணக்கு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் நம்ம கேள்விக்குப் போதாது. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் சம்பாதிக்கிறவருக்கு மாதம் 5,000-க்குக் கீழா, 10,000 வரையா, அதற்கு மேலா என்று கேட்டார்கள். இந்தியக் கிராமங்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து வீடு 5,000-க்குக் கீழே. அப்படியானால் நடு வீட்டில் அதிகம் சம்பாதிக்கிறவரின் வருமானமும் அதற்குக் கீழேதான். எவ்வளவு கீழே? அது தெரியாது. விவசாயக் குடும்பங்களின் மாத வருமானம் 2012-13-ல் 6,426, 2018-19-ல் 10,218 என்று இன்னொரு கணக்கு. அது நாடு முழுமைக்கும் எடுத்த சராசரி, சொந்தமாக விவசாயம் செய்யாத கூலி வீடுகள் அதில் கிடையாது.

வருமானத்தை நேராகக் கேட்பதும் லேசில்லை. 1950, 60-களில் சோதனையாகக் கேட்டுப் பார்த்தபோது, ஜனங்கள் சொன்ன வருமானம் அவர்கள் செலவையும் சேமிப்பையும் விடக் குறைவாக வந்தது. நாமும் அப்படித்தானே? ரேஷன் கார்டு மாறிடுமோ, உரிமைத்தொகை நின்னுடுமோ என்று பயம்.

அமெரிக்காவில் கவுண்டி என்று நம்ம மாவட்டம் மாதிரி ஒன்று உண்டு. ஒவ்வொரு கவுண்டிக்கும் நடு வீட்டு வருமானம் வெளியிடுகிறார்கள். சின்னக் கவுண்டியில் பதில் சொல்லும் வீடுகள் கொஞ்சம் என்பதால், ஐந்து வருஷப் பதில்களைச் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள். காய் நல்லாக் காய்த்த ஒரு வருஷத்தை மட்டும் வைத்து நாமும் முடிவு செய்யக் கூடாது.

நம்மால் முடிகிற வழி ஒன்று இருக்கிறது. மக்கள் நிலை ஆய்வு செய்தபோது தரையில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போட்டோமே, அதேபோல் போடுவோம். ரூபாய் கேட்க வேண்டாம். எந்த வீட்டுக்குக் கஷ்டம் அதிகம், எதற்குக் கொஞ்சம் பரவாயில்லை என்று ஊரே உட்கார்ந்து வரிசைப்படுத்தலாம். 61 வீடு என்றால் 31-வது நடு வீடு. வரிசை முன்னே பின்னே இருக்கலாம் என்பதால் பக்கத்து இரண்டு இரண்டு வீடுகளையும் சேர்த்து ஐந்து வீட்டில் மட்டும் பொறுமையாகக் கேட்போம். காயெடுப்பு மாசத்தில் எத்தனை நாள் வேலை, பங்குனி சித்திரையில் எத்தனை நாள், ஆடு, பால், பென்ஷன் எவ்வளவு என்று கேட்டு, செலவையும் எழுதிப் பார்த்தால் மறந்துபோனது ஞாபகம் வரும். வருஷாவருஷம் அதே மாசத்தில் கேட்க வேண்டும்.

விலைவாசியைக் கழிக்காமல் பழைய ரூபாயோடு ஒப்பிடக் கூடாது. 2006-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நாள் கூலி 80 ரூபாய், 2025-26-ல் 336. நாலு மடங்குக்கு மேல். அதே காலத்தில் விவசாயக் கூலிகளுக்கான விலைவாசிக் குறியீடும் ஏறக்குறைய மூன்றரை மடங்கு ஏறிவிட்டது. மிச்சம் கொஞ்சம்தான்.

புதுத் தவணையை இந்த நடு வீட்டுக் கணக்கு வந்த பிறகுதான் முடிவு செய்வோம். நோட்டில் யார் பெயரும் எழுத மாட்டோம், வீட்டுக்கு ஒரு எண் மட்டும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவிலிருந்தும் இரண்டு பேர் வாங்க. கோலப்பொடியும், வீட்டுக்கு ஒன்றாகப் புளியங்கொட்டையும் எடுத்துட்டு வாங்க.