விலங்கு தொடாத செடி எது?



விதைப்பவர் ஒருவர். அறுப்பவர் வேறொருவர். இது நியாயமா?

காட்டு ஓரத்து விவசாயிகள் பலரின் நிலை இதுதான். அறுப்பவர் யார்? குரங்கு. காட்டுப் பன்றி. சில இடங்களில் யானை.

இன்றைய பேச்சு உத்தராகண்ட் மாநிலத்து மலைக் கிராமங்களைப் பற்றியது. அந்த மாநிலம் இந்தியாவின் வடக்கே, இமயமலைப் பகுதியில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு உத்தரப் பிரதேசத்தில் இருந்து பிரிந்து தனி மாநிலம் ஆனது.

அங்கே மலைச் சரிவில் படிப்படியாக வயல்கள் இருக்கும். ஆண்கள் பலர் வேலை தேடி டெல்லிக்கும் டேராடூனுக்கும் போய்விட்டார்கள். வயல் வேலை பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்கிறது. 2001-க்கும் 2011-க்கும் இடையே அல்மோரா, பௌரி கட்வால் என்ற 2 மாவட்டங்களில் மக்கள் தொகையே குறைந்தது. ஆள் இல்லாத வயலில் புதர் மண்டியது. புதரில் பன்றி தங்கியது. காடு வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

அங்கே ஒரு தாய் இருப்பதாக எண்ணிப் பாருங்கள். வீட்டுக்குப் பின்னால் சிறு தோட்டம். அதில் மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் போட்டார். பகலில் குரங்குக் கூட்டம் கதிரை ஒடித்தது. இரவில் பன்றி கிழங்கைத் தோண்டியது. அவர் தகர டப்பாவைத் தட்டி, விடிய விடியக் காவல் காத்தார். தூக்கம் போயிற்று. விளைச்சலும் போயிற்று.

இனி அவர் என்ன செய்வார்? நிலத்தைத் தரிசாகப் போடலாமா? போட்டால் புதர் இன்னும் நெருங்கி வரும்.

வேறு வழி உண்டு. விலங்குக்குப் பிடிக்காத பயிரைத் தேர்ந்தெடுக்கலாம்.

விலங்குக்கும் நாக்கு உண்டு. மூக்கு உண்டு. இனிப்பும் மாவும் அதற்குப் பிடிக்கும். மக்காச்சோளம், வாழை, கரும்பு, கிழங்கு, பழம் எல்லாம் அதற்கு விருந்து. காரம், கசப்பு, கடுமையான வாசனை அதற்குப் பிடிக்காது.

மிளகாயைப் பாருங்கள். அதன் காரம் குரங்கின் வாயை எரிக்கும். பன்றி, யானை வாயையும் எரிக்கும். ஆனால் பறவைக்கு அந்தக் காரம் தெரியாது. அதனால்தான் கிளி மிளகாய்ப் பழத்தை ஆசையாகத் தின்கிறது.

அப்படியானால் எதை நடலாம்? மஞ்சள், இஞ்சி, பூண்டு, மிளகாய், எலுமிச்சை, துளசி, புதினா ஆகியவற்றை விலங்குகள் பெரும்பாலும் விட்டுவிடும். எலுமிச்சைப் புல்லும் அப்படித்தான். அதன் இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசனை வரும். அதைத் தேநீரில் போடலாம். அதிலிருந்து எண்ணெயும் எடுக்கிறார்கள். உத்தராகண்ட் மலை விவசாயிகள் பலர் இப்போது மஞ்சளும் இஞ்சியும் பயிரிடுகிறார்கள்.

ஆனால் 4 விஷயங்களை மறக்கக் கூடாது.

முதல் விஷயம். எந்தச் செடியும் முழுப் பாதுகாப்பு தராது. பசி வந்தால் விலங்கு எதையும் கடித்துப் பார்க்கும். குரங்கு சில சமயம் மஞ்சள் செடியைப் பிடுங்கும். முகர்ந்து பார்த்துவிட்டு எறியும். அதுவும் நட்டம்தான்.

இரண்டாவது விஷயம். மஞ்சள் வேலி ஆகாது. சுற்றிலும் மஞ்சள் நட்டு, நடுவில் மக்காச்சோளம் போட்டால் என்ன ஆகும்? பன்றி மஞ்சளை மிதித்துக்கொண்டு உள்ளே போகும். ஆகவே காட்டுப் பக்கம் உள்ள நிலத்தில் மஞ்சளும் இஞ்சியும் மட்டும் போடுங்கள். மக்காச்சோளமும் காய்கறியும் வீட்டை ஒட்டி, கண் பார்வையில் இருக்கட்டும். புதரை வெட்டிச் சுத்தம் செய்யுங்கள். அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து செய்தால்தான் பலன். இல்லாவிட்டால் பன்றி பக்கத்து வயலுக்குப் போகும்.

மூன்றாவது விஷயம். மஞ்சளைத் தின்றால் வயிறு நிறையாது. மஞ்சள் விளைய 8 அல்லது 9 மாதம் ஆகும். பிறகு வேகவைத்துக் காயவைக்க வேண்டும். அதன் பிறகே விற்கலாம். அதுவரை வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! ஆகவே முழு நிலத்தையும் ஒரே ஆண்டில் மாற்றாதீர்கள். முதலில் ஒரு பாத்தியில் போட்டுப் பாருங்கள். யார் வாங்குவார், என்ன விலை தருவார் என்று நடுவதற்கு முன்பே கேளுங்கள்.

நான்காவது விஷயம். ஆமணக்கையும் விலங்கு தின்னாது. ஆனால் அதன் விதை விஷம். சிறு குழந்தைகள் விளையாடும் இடத்தில் அதை நடாதீர்கள்.

இன்னொரு முக்கியமான செய்தி. சிலர் கோபத்தில் வயலைச் சுற்றி மின்சாரக் கம்பி கட்டுகிறார்கள். வீட்டு மின்சாரத்தை நேராக அதில் விடுகிறார்கள். இது குற்றம். இதனால் யானைகள் செத்திருக்கின்றன. மனிதர்களும் செத்திருக்கிறார்கள். கம்பி கட்டியவரின் பிள்ளையே இருட்டில் அதைத் தொட்டால் என்ன ஆகும்? ஒரு மூட்டைச் சோளத்துக்கு ஓர் உயிரா?

சரி, எந்தச் செடி யாருக்கு ஏற்றது? இதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஊருக்கு ஊர் விலங்கு வேறு. மண்ணும் வேறு. ஒரு ஊரில் பன்றி தொடாத செடியை, இன்னொரு ஊரில் தோண்டிப் போடலாம்.

இங்கேதான் எழுத்து உதவுகிறது.

அந்தத் தாய் இப்போது எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு நோட்டு வாங்குகிறார். தினமும் ஒரு வரி எழுதுகிறார். "திங்கள். குரங்கு வந்தது. கதிர் போயிற்று. மிளகாயைத் தொடவில்லை." "வியாழன். இரவில் பன்றி வந்தது. உருளை போயிற்று. மஞ்சள் அப்படியே இருக்கிறது."

ஓர் ஆண்டு முடிந்ததும் அந்த நோட்டைப் புரட்டுகிறார். எதை நடலாம், எதை விடலாம் என்று அதுவே சொல்கிறது. அவருடைய தோட்டத்துக்கு அதைவிட நல்ல புத்தகம் வேறு இல்லை.

அந்த நோட்டு இன்னொன்றுக்கும் உதவும். பயிர்ச் சேதத்துக்குப் பல மாநிலங்களில் வனத்துறை நிவாரணம் தருகிறது. அதற்கு மனு எழுத வேண்டும். எந்த நாள், எந்த விலங்கு, எவ்வளவு பயிர் என்று கேட்பார்கள். நோட்டு இருந்தால் தயங்காமல் பதில் சொல்லலாம். மனுவையும் தன் கையாலேயே எழுதலாம்.

விலங்குக்கும் பசி உண்டு. அது வாழவும் காடு வேண்டும். ஆனால் விதைத்தவர் வீட்டு அடுப்பும் எரிய வேண்டும். இரண்டுக்கும் இடையே ஒரு பாத்தி மஞ்சள் இருக்கட்டும்.

இன்றே உங்கள் தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். விலங்கு தொடாத செடி எது? பாருங்கள். எழுதி வையுங்கள்.