பிளஷர் விற்ற கணக்கு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் பொருளாதாரம் படித்தவன். ஆனால் இன்று பேசப்போவது ஒரு காரைப் பற்றி. 2022-ம் வருஷம் எங்கள் குடும்பத்தின் 1952 மாடல் செவர்லே காரை விற்றேன். பழைய காரை விற்பதில் பேச என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். கம்பெனியிலிருந்து வந்தபடியே அது இருந்திருந்தால் ஒன்றும் இருந்திருக்காது. அதன் இஞ்சினை மாற்றியிருந்தோம். மாற்றிய சாமானை எப்படி விற்பது, என்ன சொல்லி விற்பது என்பதுதான் பேச்சு.

மாணவர்களிடம் அமெரிக்கக் கார் என்றால் உடனே "மஸில் காரா சார்?" என்கிறார்கள். சினிமாவில் பார்த்த டாட்ஜ் சார்ஜர் ஞாபகம். நடுத்தர அளவுள்ள பாடிக்குள் ராட்சச வி-8 இஞ்சினை வைத்தால் அதுதான் மஸில் கார். 1964-ல் வந்த போன்டியாக் ஜி.டி.ஓ.வை அந்த வம்சத்தின் மூத்த பிள்ளை என்பார்கள். அதன் இஞ்சின் 6.4 லிட்டர். நம் அம்பாசிடருக்கு ஒன்றரை லிட்டர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஜி.டி.ஓ. விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 1964, 65 வருஷங்களில் அது தனி மாடல் இல்லை. டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கு ஒரு கூடுதல் பொருத்தம், அவ்வளவுதான். ஆகவே காரில் அடித்திருக்கும் நம்பரை மட்டும் வைத்து அது ஜி.டி.ஓ.வா இல்லையா என்று சொல்ல முடியாது. பிற்காலத்தில் விலை ஏறியதும், சாதாரண லெமான்ஸ் காருக்குப் பெரிய இஞ்சினும் சின்னங்களும் வைத்து ஜி.டி.ஓ. என்று விற்றவர்கள் உண்டு. அதனால் வாங்குகிறவன் கம்பெனிப் பட்டியலின் நகலைக் கேட்கிறான். அதை எடுத்துக் கொடுக்கவே 'போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ்' என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. "இது குளோன், நான் மாற்றியது" என்று சொல்லி விற்றால் யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். சொல்லாமல் விற்றால் அதே கார் மோசடிப் பொருளாகிவிடும்.

நம் பக்கம் அந்த மாதிரி வி-8 வண்டி ஓடி நான் பார்த்ததில்லை. நமக்கு வந்தவை அதற்கு முந்தைய தலைமுறை: செவர்லே, டாட்ஜ், பிளைமவுத். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928-ல் பம்பாய் சிவ்ரியில் கார் பூட்டும் தொழிற்சாலை தொடங்கியது. 'இங்கேயே உற்பத்தி செய்வதாக இருந்தால் இருங்கள், வெறுமனே பூட்டுவதாக இருந்தால் போங்கள்' என்று சர்க்கார் கொள்கை வந்ததும் 1954-ல் மூடிவிட்டுப் போனது. அதுவரை வந்த வண்டிகள்தான் மிராசுதார் வீடுகளிலும் எஸ்டேட்டுகளிலும் நின்றன. அப்புறம் கைமாறிக் கைமாறி டாக்ஸியாகவும் கல்யாணக் காராகவும் ஆயின. கல்லிடைக்குறிச்சியிலும் அம்பாசமுத்திரத்திலும் பெரியவர்கள் எந்தக் காரையும் 'பிளஷர்' என்றுதான் சொல்வார்கள். எங்கள் பெரியப்பா 1961-ல் வாங்கியதும் மூன்றாவது கை பிளஷர்தான்.

அதன் பெட்ரோல் இஞ்சின் ஆறு சிலிண்டர், மூன்றரை லிட்டர். நல்ல இஞ்சின், ஆனால் நம் ஊருக்குப் பெரும் தீனிக்காரன். லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் கொடுத்தால் அன்றைக்கு நல்ல சகுனம். இன்னொரு தொல்லை, அதன் கனெக்டிங் ராடு பேரிங்குகள் கழற்றி மாட்டுகிற ஷெல் இல்லை. உலோகத்தை உருக்கி ஊற்றிக் கடைந்து எடுக்க வேண்டும். அந்த வேலை தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வந்தன. சாமான் இறக்குமதியும் கிடையாது. 1973-ல் எண்ணெய் நெருக்கடி. இன்சூரன்ஸ் கட்டணத்தாலும் புகைக் கட்டுப்பாட்டாலும் ஏற்கெனவே இளைத்துப்போயிருந்த அமெரிக்க மஸில் கார்களுக்கும் அந்த நெருக்கடிதான் முடிவு கட்டியது. அதே நெருக்கடி இங்கே எங்கள் வீட்டுக் காருக்குள் டீசலைக் கொண்டுவந்தது.

சென்னை சிம்சன் கம்பெனி பெர்க்கின்ஸ் டீசல் இஞ்சின்களைச் செய்துகொண்டிருந்த காலம். 1975-ல் பாளையங்கோட்டைப் பட்டறை ஒன்றில் காரை விட்டு, நாலு சிலிண்டர் பெர்க்கின்ஸ் பி-4 இஞ்சினைப் பெரியப்பா ஏற்றினார். இந்த வேலையை இன்றைய இஞ்சினியரிங் பிள்ளைகள் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும். படிப்பில்லாத மெக்கானிக் செய்த வேலை அது. அந்தச் செவர்லேயில் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஒரு குழாய்க்குள் அடைபட்டு கியர் பாக்ஸோடு சேர்ந்திருக்கும். ஆகவே கியர் பாக்ஸில் கை வைக்காமல், இஞ்சினுக்கும் அதற்கும் நடுவே ஒரு இரும்புத் தட்டை லேத்தில் கடைந்து பூட்டினார். டீசல் இஞ்சின் கனம் தாங்காமல் முன்பக்கம் மூக்கைக் குத்தியது; ஸ்பிரிங்குக்குக் கீழே பேக்கிங் கொடுத்தார். காரில் இருந்தது 6 வோல்ட் கரண்ட். டீசலைச் சுழற்ற 12 வோல்ட் வேண்டும். பல்பு, ஹாரன் எல்லாம் மாறின. அப்புறம் வைப்பர். பெட்ரோல் இஞ்சின் உறிஞ்சுகிற காற்றின் இழுவையில் ஓடும் வைப்பர் அது. டீசலில் அந்த இழுவை கிடையாது. மழையில் பாபநாசம் மலையேறப் போனபோதுதான் அது தெரிந்தது. லாரி வைப்பர் மோட்டாரைப் பூட்டினார்கள். பெட்ரோலில் 3,400 சுற்று வரை போன இஞ்சினுக்குப் பதிலாக 2,000 சொச்சத்தில் கவர்னர் பிடித்துவிடும் இஞ்சின். எழுபது கிலோமீட்டருக்கு மேல் கார் போகாது. போகவேண்டிய அவசியமும் இல்லை. மாப்பிள்ளை அழைப்புக்கு எழுபது எதற்கு?

பெரியப்பா செய்த இன்னொரு காரியம்தான் பின்னாளில் எங்களைக் காப்பாற்றியது. 1939-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி மாற்றத்தைத் தெரிவித்து, புது இஞ்சின் நம்பரையும் 'டீசல்' என்பதையும் ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றிவிட்டார். பலர் அதைச் செய்யவில்லை. இன்று செய்வதும் லேசில்லை. 1988 சட்டத்தின் 52-வது பிரிவு, 2000-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. எரிபொருள் மாற்றத்துக்குச் சில நிபந்தனைகளோடு வழிவிடுகிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

விற்க நினைத்த நேரத்தில் விண்டேஜ் விதி வந்தது. 2021 ஜூலை அறிவிப்பு. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் தாண்டிய சொந்த உபயோக வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டினால் 'வி.ஏ.' எழுத்துள்ள தனி நம்பர். என் மருமகன் அலைபேசியில் படித்துவிட்டு "மாமா, நம்ம காருக்கு யோகம்" என்றான். முழுவதும் படித்தேன். சேஸிலோ பாடியிலோ இஞ்சினிலோ மாற்றம் இருந்தால் அது விண்டேஜ் இல்லை. எழுபது வயதுக் கிழவர், ஆனால் முதியோர் பட்டியலில் பெயர் கிடையாது!

வந்தவர்களில் ஒருவர் ஹோட்டல் வாசலில் நிறுத்தக் கேட்டார். இஞ்சின் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. வாசலில் காயவிட எனக்கு மனசில்லை. அப்புறம் ஒரு புரோக்கர். நெல்லையில் காய்த்துப் பழுத்தவர்.

"அண்ணாச்சி, பழைய செவர்லே பெட்ரோல் இஞ்சின் ஒண்ணு வெளியூர்ல கெடக்கு. தூக்கி வச்சிருவோம். ஆர்.சி.யில பெட்ரோல்னு ஆக்குறது என் பொறுப்பு. நம்பர் அடிக்கிற ஆளும் இருக்கான். ஒரிஜினல்னு சொன்னா வெலையே வேற."

"வாங்குறவன் பின்னால கண்டுபிடிச்சா?"

"அவன் கண்டுபிடிச்சா சொல்லவா போறான்? அடுத்தவனுக்கு வித்துருவான்."

வித்தியாசம் சின்னத் தொகை இல்லை. ஒரு புது மாருதி வாங்கலாம். வீட்டில் இரண்டு நாள் பேச்சு நடந்தது. "உலகத்துல இல்லாததா?" என்று கேட்டவர்களும் உண்டு. எனக்கு அந்த நம்பர் அடிக்கிற ஆள் பிடிக்கவில்லை. பெரியப்பா வரிசையில் நின்று ஏற்றிய பதிவை அழித்துவிட்டு, இஞ்சினில் பொய் நம்பர் குத்துவதா? அது குற்றம் என்பது ஒருபுறம். பாளையங்கோட்டை மெக்கானிக்கின் வேலையை 'இல்லவே இல்லை' என்று சொல்வதாகவும் ஆகிறது. புரோக்கரை அனுப்பிவிட்டேன். போகும்போது என்னைப் பிழைக்கத் தெரியாதவன் என்றார். இருக்கலாம்.

ஒரு முழுத்தாளில் எல்லா மாற்றத்தையும் எழுதினேன்: இஞ்சின், இரும்புத் தட்டு, ஸ்பிரிங், 12 வோல்ட், வைப்பர், எழுபது கிலோமீட்டர் வேகம், டிங்கரிங் பார்த்த இடங்கள், விண்டேஜ் நம்பர் கிடைக்காது என்பது. அந்தத் தாளைப் படித்த பிறகு வந்தவர் ஒரே ஒருவர். விருதுநகர்ப் பக்கத்துக்காரர், ஒரு காலத்தில் டிரைவராக இருந்தவர். பேரம் பேசினார், படிந்தது. விலையைச் சொல்லமாட்டேன், வாங்கியவருக்கு அது மரியாதை இல்லை.

படிவம் 29, 30 இரண்டிலும் அன்றைக்கே கையெழுத்து. மாணவர்கள் பைக் விற்கும்போதும் இதைச் செய்யுங்கள். மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளைக்குள் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் புத்தகத்தில் உள்ளவர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 'வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, பிறகு பார்த்துக்கலாம்' என்பதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

கார் போன அன்று சாயந்திரம் கோவில்பட்டியிலிருந்து போன் வந்தது. "அண்ணாச்சி, டீ குடிக்க நிறுத்துனேன். சாவியை எடுத்துட்டேன், இஞ்சின் நிக்க மாட்டேங்குதே!"

"தாள்ல எட்டாவது வரியைப் பாருங்க. ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு கம்பி இருக்கும். இழுங்க."

இழுத்த சத்தம் போனிலேயே கேட்டது. நின்றது.