ஓடம் வண்டியேறிய கதை

 

வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும், ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தப் பழமொழியைச் சட்டமாகவே எழுதிவைத்த ஊர் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ.

அங்கே உள்ள கோல்டன் கேட் பாலத்தைப் படத்திலாவது பார்க்காதவர்கள் இந்த அவையில் இருக்க மாட்டீர்கள். அதன் அழகைப் பேச நான் வரவில்லை. அது யாருடையது என்று பேச வந்திருக்கிறேன். அமெரிக்க மத்திய அரசுடையதா? இல்லை. கலிஃபோர்னியா மாநில அரசுடையதா? இல்லை. மாநகராட்சியுடையதா? அதுவும் இல்லை. அந்தப் பாலத்துக்காகவே பிறந்த ஒரு தனி அமைப்பு அதை ஆள்கிறது.

1923-இல் கலிஃபோர்னியா சட்டமன்றம் அதற்கு வழிசெய்து ஒரு சட்டம் போட்டது. 1928-இல் அமைப்பு பிறந்தது. சான் பிரான்சிஸ்கோ, மரின், சோனோமா, டெல் நார்ட்டே ஆகிய நான்கு கவுண்டிகள், அதாவது மாவட்டங்கள், முழுமையாகவும், நாபா, மென்டசினோ கவுண்டிகளின் சில பகுதிகளும் அதில் சேர்ந்தன. பாலம் கட்டலாம், சுங்கம் வாங்கலாம், கடன் பத்திரம் வெளியிடலாம் என்று சட்டம் அதிகாரம் கொடுத்தது. கொடுத்த கையோடு ஒரு கடிவாளமும் போட்டது: கடன் வாங்குவதற்கு முன் மக்களிடம் ஓட்டுக் கேட்டுவிட்டு வா!

கேட்டார்கள். 1930 நவம்பர். உலகப் பொருளாதாரமே சரிந்து கிடந்த நேரம். கேட்ட தொகை 3.5 கோடி டாலர். பிணை என்ன தெரியுமா? அந்த மக்களின் வீடும் பண்ணையும் கடையும்! ஆதரவு 1,45,057 ஓட்டு. எதிர்ப்பு 46,954. நான்கு பேரில் மூன்று பேர், என் வீட்டைப் பிணையாக வைத்துப் பாலத்தைக் கட்டு என்றார்கள்.

ஓட்டு விழுந்ததும் வேலை தொடங்கிவிட்டதா? இல்லை. பாலம் எழவேண்டிய நீரிணையில் கார்களை ஏற்றிச் செல்லும் படகுகளை ஒரு பெரிய ரயில் நிறுவனத்தின் துணை நிறுவனம் நடத்திக்கொண்டிருந்தது. பாலம் வந்தால் படகுப் பிழைப்புப் போய்விடும். ஆகவே நீதிமன்றப் படிகளில் தடை எழுந்தது. இன்னொரு பக்கம், கப்பல் போகும் நீர்வழி மத்திய அரசின் ஆளுகை. இரு கரையிலும் ராணுவ நிலம். போர்த்துறையின் அனுமதி இல்லாமல் ஒரு தூணையும் ஊன்ற முடியாது. அத்தனையும் தாண்டி 1937 மே 27-இல் பாலம் திறந்தது. ஒரு தடவை கடக்க காருக்கு 50 சென்ட். நான்கே ஆண்டில், 1941-இல், எதிர்க்கரை ஊரான சாசலிட்டோவுக்குப் போன படகு நின்றுபோனது.

இங்கேதான் பழமொழி திரும்பி வருகிறது. 1960-களில் பாலத்தில் கார் நெரிசல் தாங்கவில்லை. யாருக்கு ஞாபகம் வந்தது? படகுக்கு! ஆனால் பால அமைப்பு படகு விட முடியுமா? சுங்கப் பெட்டியில் பணம் இருந்தது. படகு விடும் அதிகாரம் சட்டத்தில் இல்லை. மறுபடியும் சட்டமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். 1969-இல் சட்டம் விரிந்தது. அமைப்பின் பெயரிலேயே போக்குவரத்து என்ற சொல் ஏறியது. 1970 ஆகஸ்ட் 15-இல் சாசலிட்டோவுக்கு மறுபடி படகு ஓடியது. எந்தப் பாலம் படகை ஒழித்ததோ, அதே பாலத்தின் சுங்கக் காசு படகைத் தாங்கியது. 1971-இல் பழைய கடனும் தீர்ந்தது. அசல் 3.5 கோடி, வட்டி ஏறக்குறைய 3.9 கோடி. அத்தனையும் சுங்கத்திலிருந்தே அடைந்தது. வரி போடும் அதிகாரம் இன்று அந்த அமைப்புக்கு இல்லை.

எழுத்தில் உள்ளது மட்டுமே அதிகாரம் என்ற இந்த எண்ணம் அதற்கும் முந்தியது. பாஸ்டன் நகரில் சார்லஸ் ஆற்று ஓடத்துறையின் வருமானம் ஹார்வர்டு கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தது. 1785-இல் ஒரு தனியார் நிறுவனம் பட்டயம் வாங்கிப் பாலம் கட்டி, கல்லூரிக்கு ஆண்டுதோறும் ஈடு கொடுத்து, சுங்கம் வசூலித்துச் செழித்தது. 1828-இல் பக்கத்திலேயே வாரன் பாலம் வந்தது. சில ஆண்டில் அதில் சுங்கமே கிடையாது என்ற ஏற்பாடு. எங்கள் உரிமை போச்சே என்று பழைய நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1837-இல் தலைமை நீதிபதி ரோஜர் டானி தீர்ப்பளித்தார். தீர்ப்பின் சாரம் இது: வேறு பாலம் வராது என்று உங்கள் பட்டயம் சொல்லவில்லை, சொல்லாததை நீங்களாகப் படித்துக்கொள்ள முடியாது. பொதுமக்கள் தந்த உரிமையில் ஐயம் எழுந்தால், பலன் பொதுமக்களுக்கே.

நம் ஊரிலும் இதற்கு எழுத்து உண்டு. 1890-இல் சென்னை மாகாணத்துக்குக் கால்வாய்கள், பொது ஓடத்துறைகள் பற்றிய சட்டம் வந்தது. துறையில் நிற்கிறவன் வாய்க்கு வந்த கூலியைக் கேட்கக் கூடாது என்பதற்குத்தான் இப்படிப்பட்ட சட்டங்கள். ஆனால் பரிசல் துறை ஏலம் என்றால் நமக்கு என்ன தெரியும்? யார் எடுத்தார், எத்தனை ரூபாய்க்கு எடுத்தார், அவ்வளவுதான். அவர் ஆளுக்கு எவ்வளவு வாங்கலாம்? ஒரு பரிசலில் எத்தனை பேரை ஏற்றலாம்? உயிர்காப்பு உடை யார் பொறுப்பு? வெள்ளம் வந்தால் துறையை மூடும் அதிகாரம் யாருக்கு? இதை நாம் கேட்டதுண்டா?

ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யார் நான் யார் என்று நாம் கலைந்துவிடுகிறோம். கலையாதீர்கள்! பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள். உங்கள் ஊர்த் துறையின் குத்தகை நிபந்தனையை நகல் கேளுங்கள். வாங்கி, ஊர் நூலகச் சுவரில் எல்லோரும் படிக்கும்படி ஒட்டுங்கள். முதல் மனுவில் கையெழுத்துப் போட நான் பேனாவோடு வந்திருக்கிறேன்.