கியர் குமிழைக் கழற்றுமுன்

1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடை, யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு. கார்பரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, மண்ணெண்ணெயிலேயே காரை ஓட்டினார்கள். புகையும் நாற்றமும் கேட்க வேண்டாம்! அப்படி ஓடிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்கள் இன்றும் யாழ்ப்பாணத் தெருக்களில் கண்ணில் படுகின்றன.

1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்த கார் மைனர். இத்தனை வருடம் உள்ளங்கை பட்டதில் கியர் குமிழின் எழுத்து அழிந்து வழுக்கும். குமிழை மாற்றக் கராஜுக்கு ஓட வேண்டியதில்லை. ஹாண்ட் பிறேக்கைப் போடுங்கள். குமிழுக்குக் கீழே நட்டு இருந்தால் ஸ்பனரால் தளர்த்தி, குமிழை இடப்பக்கமாகத் திருகுங்கள். அசையவில்லையா? வெந்நீரில் தோய்த்துப் பிழிந்த துணியைக் கொஞ்ச நேரம் சுற்றி வைத்துப் பாருங்கள்.

புதுக் கார் வேறு கதை. சிலவற்றில் குமிழை மேலே இழுத்தே எடுக்க வேண்டும். அப்போது முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள், சட்டென்று கழன்று மூக்கில் அடிக்கும். ஒட்டோ கியர் என்றால் உள்ளே கிளிப்போ சிறு ஆணியோ, சிலவற்றில் வயரும் இருக்கும். காரின் கைநூலைப் பார்க்காமல் குமிழைத் திருகாதீர்கள்.