பரிசோதனைச் சாலையிலிருந்து கிராமத்துக் கைபம்புக்கு

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், மாணவர் பரிசளிப்பை ஒட்டி நிகழ்த்திய உரை)



பத்து நிமிஷம்தான் என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ரிடையரான சர்க்கார் உத்தியோகஸ்தரிடம் மைக்கைக் கொடுப்பதில் உள்ள ஆபத்து அவருக்குத் தெரியும். ஆகவே ஒரே ஒரு விஷயம். விஞ்ஞானம் படிக்கும் நம் காலேஜ் குழந்தைகள் குழுவாகச் சேர்ந்து, ஊருக்குப் பிரயோஜனமான ஒரு வேலையைச் செய்ய முடியுமா?

நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவன். எங்கள் நாளில் பிராக்டிகல் என்றால் சால்ட் அனாலிசிஸ். கொடுத்த உப்பு எது என்று டெமான்ஸ்ட்ரேட்டருக்கு முன்னமேயே தெரியும். நாங்கள் கண்டுபிடித்தால் மார்க், அவ்வளவுதான். கை பழகுவதற்கு அது வேண்டியதே. ஆனால் விடை யாருக்குமே தெரியாத கேள்வியை எடுத்துக்கொள்ளும்போதுதான் உண்மையான விஞ்ஞானம் ஆரம்பமாகிறது. அப்படி ஒரு கேள்வி ஒவ்வொரு கிராமத்துக் கைபம்பிலும் காத்திருக்கிறது. இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா, கூடாதா?

ஃப்ளோரைடு என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கலப்பது. நிறம் இல்லை, மணம் இல்லை, ருசியிலும் தெரியாது. இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் இருக்கலாம். வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை. அதற்கு மேல் போனால் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை. அளவு மிக அதிகமாகி வருஷக்கணக்கில் குடித்தால் மூட்டுகள் இறுகி, முதுகே வளைந்துவிடுகிறது. நம் தேசத்தில் இந்த வியாதியைப் பற்றி டாக்டர்கள் 1937-லேயே, அன்றைய சென்னை ராஜதானியின் நெல்லூர் ஜில்லாவைப் பார்த்து எழுதினார்கள். இன்றும் நல்கொண்டா, யவத்மால், நாகௌர், நம் தர்மபுரி என்று பல ஜில்லாக்களில் இது உண்டு. மாமிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

இதில் மாணவர்கள் என்ன செய்யலாம்? ஆறு பேர் கொண்ட குழு ஒரு கிராமத்தின் எல்லாக் கைபம்புகளையும் கிணறுகளையும் எடுத்துக்கொள்ளட்டும். மழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை தண்ணீர் எடுக்கட்டும். பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று தரம் அலம்ப வேண்டும். கண்ணாடி கூடாது, பிளாஸ்டிக் பாட்டில்தான். கெமிஸ்ட்ரி மாணவர் ஃப்ளோரைடு, கடினத்தன்மை, நைட்ரேட் பார்ப்பார். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மாணவர் கணக்கைச் சரிபார்ப்பார். ஜியாலஜி மாணவர் பாறையைப் பார்த்துக் காரணம் சொல்வார். மைக்ரோபயாலஜி மாணவர் கிருமியைப் பார்ப்பார். இதற்குப் பெரிய லேபரட்டரி கூட வேண்டாம். குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆராய்ச்சியாளர்கள் 1982-ல் வெளியிட்ட எளிய முறை ஒன்று உண்டு. மருந்து தோய்த்த காகிதம் உள்ள பாட்டிலில் தண்ணீரை நிரப்பி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கழிவு கலந்த நீர் கறுத்துவிடும். கிராமத்துப் பாட்டியும் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்வாள்.

ஆனால் "உங்கள் தண்ணீர் விஷம்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறுவது சேவை ஆகாது. பீதியை மட்டும் விட்டுவிட்டு வருவதாக ஆகும். பரிகாரமும் கூடவே போக வேண்டும். பல கிராமங்களில் ஒரு பம்பில் 3 மில்லிகிராம் இருந்தால், சற்றுத் தள்ளி இன்னொன்றில் 1-க்கும் குறைவாக இருப்பதுண்டு. அந்த நல்ல பம்பைக் காட்டிக் கொடுப்பதே பெரிய உபகாரம். அது இல்லாத ஊருக்கு, நாக்பூரில் உள்ள நீரி நிறுவனம் கண்ட நல்கொண்டா முறை இருக்கிறது. படிகாரமும் சுண்ணாம்பும் ப்ளீச்சிங் பவுடரும் கலந்து, கலக்கி, தெளிய வைத்து இறுப்பது. எவ்வளவு படிகாரம் என்பது அந்த நீரின் ஃப்ளோரைடையும் காரத்தன்மையையும் பொறுத்தது. காரத்தன்மை அளப்பது பி.எஸ்ஸி. மாணவர் ப்யூரெட்டில் தினம் செய்யும் டைட்ரேஷன்தான்! அளவு தப்பினால் அலுமினியம் நீரில் தங்கிவிடும். அதனால்தான் படித்தவர் கை இதற்குத் தேவை.

1969 செப்டம்பர் 24-ல், காந்தி நூற்றாண்டை ஒட்டி, 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் ஆரம்பமானது. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கையும் சமூகப் பணியைப் பாடத்தோடு சேர்க்கச் சொல்கிறது. நல்லதுதான். விஞ்ஞான மாணவர் துடைப்பம் எடுத்துத் தெருப் பெருக்குவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் கற்ற வித்தையும் ஊருக்குப் போய்ச் சேர வேண்டும். கடையில் பணம் கொடுத்து ப்ராஜெக்ட் ரிப்போர்ட் வாங்கிப் பைண்டு போட்டுக் கொடுப்பதால் யாருக்கு லாபம்?

மூன்று பேருக்கு மூன்று விண்ணப்பம். பெற்றோர்களே, "கோச்சிங் கிளாஸ் இருக்கும்போது கிராமத்துக்கு எதற்கு?" என்று தடுக்காதீர்கள். நாலு பேருடன் ஒத்துப்போவதையும், தன் கணக்குக்குத் தானே பொறுப்பேற்பதையும் எந்தக் கோச்சிங்கும் கற்றுத்தராது. என்னைப் போல ரிடையரானவர்களே, நமக்கு ஃபைல் நகரும் வழி தெரியும். "தண்ணீர் சரியில்லை, தயவு செய்ய வேண்டும்" என்ற மனு தூங்கும். எந்த பம்பு, எந்தத் தேதி, எத்தனை மில்லிகிராம் என்று எழுதினால் அதைப் படிக்கும் அதிகாரி ஏதாவது பதில் எழுதியே ஆக வேண்டும். குழந்தைகள் அளக்கட்டும், பஞ்சாயத்துக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் போகும் கடிதத்தை நாம் சரிபார்த்துக் கொடுப்போம்.

மூன்றாவது, நம் சங்கத்துக்கு. இன்று முதல் மார்க் வாங்கியவர்களுக்குப் பரிசு தருகிறோம், மிகவும் சந்தோஷம். அடுத்த வருஷம் முதல் இப்படிப் பணி செய்யும் குழு ஒன்றுக்கும் பரிசு தர வேண்டும். அந்தக் குழுவில் நம் வீட்டுக் குழந்தை ஒன்று இருந்தாலும் சரி, ஒன்றுகூட இல்லாவிட்டாலும் சரி. கைபம்பு யாரையும் கோத்திரம் கேட்டுவிட்டுத் தண்ணீர் தருவதில்லை. நாமும் கேட்க வேண்டாம். முதல் பரிசுக்கான தொகையை என் பென்ஷனிலிருந்து தருகிறேன். கமிட்டி இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, செயலாளர் கடிகாரத்தைக் காட்டுவதற்கு முன் அமர்கிறேன்.