சலமான்காவில் மொழி பயிலும் வாழ்வு



நான் மொழி பயிலும் சலமான்கா, 1218-ஆம் ஆண்டில் தோன்றிய சர்வகலாசாலையைக் கொண்ட ஸ்பானிய நகரம். ஸ்பானிய மொழியின் முதல் இலக்கணத்தை நெப்ரிஹா என்னும் அறிஞர் 1492-இல் வெளியிட்டதும் அங்கேதான்.

அங்கே பகலுணவு இரண்டு மணிக்கு, இராவுணவு ஒன்பதுக்குமேல். காலையில் வகுப்பிலே இலக்கணம். மாலையில் ரொட்டிக் கடையிலே பேச்சு. 'பெரோ' என்றால் 'ஆனால்'. 'பெர்ரோ' என்றால் நாய்! மிஷன் பள்ளிக்கூடத்துத் தமிழ் உபாத்தியாயர் படிப்பித்த ரகர றகர வேற்றுமை அங்கே கைகொடுத்தது. மூத்தோரை 'உஸ்தெத்', தோழரைத் 'தூ' என்பர். 'நீங்கள்', 'நீ' என்று பழகிய நமக்கு அது புதிதன்று.

தாய்மொழியை நன்கறிந்தவனுக்குப் பிறமொழி எட்டாக்கனியன்று. ஆயினும் பேசிப் பழகாத மொழி நாவில் நிற்பதில்லை. அண்டை வீட்டாரின் சிங்களத்தையும் அட்டன் கடைவீதியில் கூச்சமின்றிப் பேசியே கற்போமாக!