கடைசியில் வருபவர்

நெடுந்தூரத் துவிச்சக்கர வண்டிப் பயணத்தைத் தனியே மேற்கொள்பவர் தம் கால்களுக்கு மட்டுமே பொறுப்பாளி. பலர் கூடிப் புறப்பட்டால் நிலைமை வேறு. 1897ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இத்தாலியர் பன்னிருவர் உரோமாபுரியிலிருந்து நேப்பிள்ஸ் நகருக்குப் புறப்பட்டனர். ஏறத்தாழ 230 கிலோமீற்றர் தூரத்தை ஞாயிறு எழுந்து மறைவதற்குள் கடப்பது அவர்கள் எண்ணம். ஒன்பதின்மர் போய்ச் சேர்ந்தனர். அத்தகைய பயணங்களுக்குத் துணிவுடையோர் எனப் பொருள்படும் 'ஓடாக்ஸ்' என்ற இலத்தீன் சொல் பெயராயிற்று. துணிவு போற்றத்தக்கதே. எஞ்சிய மூவர் எவ்விடத்தில் நின்றனர் என்பதையும் கேட்கவேண்டுமல்லவா?

இவ்வழக்கத்தை 1904இல் பிரான்சுக்குக் கொண்டுவந்தவர் ஹென்றி தெக்ராஞ்சு. அங்கு வளர்ந்த குழுப்பயண முறையில் வழித்தலைவர் ஒருவர் முன்னே செல்வார். அவரை எவரும் முந்தலாகாது. வல்லவரும் மெலிந்தவரும் ஒரே வேகத்திற் செல்லவேண்டும். இந்நாளில் அவ்வேகம் பெரும்பாலும் மணிக்கு 22.5 கிலோமீற்றர்.

நிற்க. இம்முறையின் அருமையை உணர ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டியதில்லை. மட்டக்களப்பு நகரிலிருந்து வெல்லாவெளிக்குச் சென்று மீளும் ஒரு நாட்பயணமே போதும். கல்லடிப் பாலத்தையும் ஆரையம்பதியையும் கடந்து, மண்முனையில் வாவியைத் தாண்டினாற் படுவான்கரை. 2014இற் பாலம் திறக்கப்படும்வரை அங்கே மக்களையும் வண்டிகளையும் அக்கரை சேர்த்தது 'பாதை' என்று மக்கள் வழங்கும் மிதவையே. அது வரும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டியிருந்தமையால், பின்தங்கியவரும் வந்து சேர்ந்துகொள்வார்! பாலம் அந்த வசதியைப் போக்கிவிட்டது.

கொக்கட்டிச்சோலைக்குத் தெற்கே இருமருங்கும் வயல் வட்டைகள். கச்சான் வீசும் மாதங்களில் மேற்கிலிருந்து வரும் வெப்பக்காற்றைத் தடுக்க ஒரு மரமும் இராத இடங்கள் பல. சமதரையில் விரைந்து செல்பவரின் உழைப்பிற் பெரும்பங்கு காற்றைப் பிளப்பதற்கே செலவாகிறது. முன்னவரின் பின்சில்லுக்கு அண்மையில் தொடர்பவருக்கு அவ்வுழைப்பிற் கணிசமான பகுதி மிச்சம். இளைத்த ஒருவர் பத்துப் பன்னிரண்டு முழம் பின்தங்கினாலோ அந்நிழல் அகன்றுவிடும். குழுவில் மிகவும் மெலிந்தவர், முன்னோடியைப் போலவே முழுக்காற்றையும் தனியே எதிர்க்க நேர்கிறது. மேலும் பின்தங்குகிறார், மேலும் இளைக்கிறார். இதைச் சோம்பல் என்று ஏளனஞ் செய்வோர் காற்றின் இயல்பை அறியாதவர்.

படுவான்கரைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது பாடமாகச் சொல்லித்தர வேண்டியதன்று. காலையில் அணியணியாக வரும் அச்சிறார், தோழன் ஒருவனின் செயின் கழன்றால் அனைவரும் இறங்கிவிடுவர். பாடசாலை மணி அடித்த பின்னரே சேர்ந்து வருவதும் உண்டு. அதற்குத் தண்டனை தருமுன் ஆசிரியர் சற்றுச் சிந்திப்பது நலம்.

வெல்லாவெளியில் நண்பகல். வெறுந்தேநீரும் பனங்கட்டியும் சோறும் உண்டு. வழித்தலைவரின் கடிய வேலை இங்கேதான் தொடங்குகிறது. சட்டையில் வியர்வை உப்புப் பூத்திருப்பவர் எவர், பேச்சற்று அமர்ந்திருப்பவர் எவர் என்று பார்த்து, உப்பிட்ட மோர் கொடுத்து, அவரை வரிசையின் நடுவே அமைத்துக்கொள்ளவேண்டும். நிழலில் நெடுநேரம் கிடக்கவும் இயலாது. இப்பிரதேசத்தில் காட்டுயானைகள் ஊர்களுக்குள் வருவதும், உயிர்கள் பலியாவதும் நேயர்கள் பலர் அறிந்த துயரம். அந்திக்குப்பின் தெருவோரத்தில் தனியே இருந்து ரியூப்புக்கு ஒட்டுப் போடும்படி ஒருவரை விட்டுச் செல்வது வெறும் மரியாதைக் குறைவன்று. ஆகையால் ஒருவருக்குக் காற்றுப் போயின் எல்லோரும் நிற்பர்; கைதேர்ந்த ஒருவர் எப்பொழுதும் கடைசி வண்டியில் வருவார்.

வெயில் தாழத் தொடங்கியதும் பெரியபோரதீவு வழியே பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிகுடியை அடைந்தால், அப்பாற் கரையோரப் பெருந்தெரு. பேருந்துகளும் லொறிகளும் விரையும் அத்தெருவில் ஒற்றை வரிசையே தகும். விளக்குகளை ஏற்றிக்கொண்டு குருக்கள்மடம், கிரான்குளம், காத்தான்குடி ஊர்களைக் கடந்து கல்லடிப் பாலத்தை அடைந்ததும் வழித்தலைவர் ஓரமாக இறங்கி நின்று வண்டிகளை எண்ணுவார். எண்ணிக்கை நிறையுமுன் எவரும் வீடு செல்வதில்லை.